ஸ்டோருக்கு வந்த வரன்

பெண்ணைப் பெற்ற தகப்பனுக்குச் சில திறமைகள் தாமாகவே வந்து சேரும். வீட்டில் இல்லாததை இருப்பதாகச் சொல்லாமலே, இருப்பதுபோலத் தோன்றச் செய்வது அவற்றுள் முதன்மையானது. சின்னராசா மாஸ்டரிடம் அத்திறமைகள் வேண்டிய அளவுக்கு இருந்தன, செலவழிக்கத்தான் இடமில்லை. அவருடைய ஒரே மகள் லோஜினி, வந்த வரன்களையெல்லாம் "இப்ப வேணாம்பா" என்ற ஒரே வாக்கியத்தால் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆகவே, தேங்கிக் கிடந்த திறமை முழுவதையும் மாஸ்டர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின்மீது கொட்டித் தீர்த்தார். வரனாக வந்தது ஓர் அணு உலை.

சிரிக்க விரும்புபவர்கள் சிரிக்கலாம். நோர்வூட் கடைத்தெரு ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டது.

நோர்வூட்டிலிருந்து மேலேறும் ஊசிமலைத் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை 'ஸ்டோர்' என்றுதான் சொல்வார்கள். ஆலைக்குக் களஞ்சியத்தின் பெயரை வைத்த முன்னோர்களை மாஸ்டர் ஒருநாளும் மன்னித்ததில்லை. ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வகுப்பிலும் 'தொழிற்சாலை' என்று எழுத வைத்தார். பிள்ளைகளும் பிழையின்றி எழுதினார்கள். மணி அடித்ததும், ஸ்டோரில் வேலை செய்யும் அப்பாவிடம் காசு கேட்க ஓடினார்கள். இப்பொழுது மாஸ்டரின் மகளே அந்த ஸ்டோரில் உதவி டீமேக்கர். கொழுந்து வாடுவதிலிருந்து தேயிலையாக உலர்ந்து வெளிவருவதுவரை அவள் பொறுப்பு. "ஸ்டோருக்குப் போய்ட்டு வாறேம்பா" என்று அவள் சொல்லும்போதெல்லாம் மாஸ்டர் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொள்வார்.

அந்த ஸ்டோருக்கு ஆபத்து வந்திருந்தது. கொழுந்தை உலர்த்தும் ட்ரையருக்குச் சூடான காற்று வேண்டும். சூட்டுக்கு விறகு வேண்டும். விறகோ நாளுக்கு நாள் அருகியது. மழை பெய்தால் லொறி ஏறாது. லொறி ஏறினால் விலை ஏறியிருக்கும். இந்த வருட முடிவுக்குள் சூட்டுக்கு ஒரு வழி பிறக்காவிட்டால் ஸ்டோரை மூடிவிட்டுக் கொழுந்தை வேறு தோட்டத்துக்கு அனுப்பப்போவதாக, வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் ஆட்கள் முன்னிலையில், தோட்டத்தை நடத்தும் துரை அறிவித்தார். அப்படி மூடினால் லோஜினியைத் தொலைதூரத்துத் தெனியாயவில் உள்ள கம்பனித் தொழிற்சாலைக்கு மாற்றிவிடுவார்கள் என்பதும் தெரிந்துவிட்டது.

தொழிலாளரின் எதிர்காலத்தை எண்ணித் தமக்கு உறக்கம் வரவில்லை என்று மாஸ்டர் ஊரெங்கும் சொன்னார். அது பொய்யன்று, ஆனால் அவருடைய உறக்கத்தைக் கெடுத்தது தெனியாய. லோஜினி போய்விட்டால் வீட்டில் அவரும் மனைவி மீனம்மாவும் மட்டுமே மிஞ்சுவார்கள். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியவற்றை மணமான சில ஆண்டுகளிலேயே சொல்லி முடித்திருந்தார்கள். அதன்பிறகு எல்லாப் பேச்சும் மகள் வழியாகத்தான் நடந்தது. "ஒங்கப்பாட்ட சொல்லு, குளிக்கத் தண்ணி சுட்டிருச்சுன்னு." "உங்கள் அம்மாவிடம் சொல், நான் செவிடனல்லன் என்று."

அந்த வேளையில்தான் ஆய்வுக் குழுவைப் பற்றிய செய்தி வந்தது.

லொறியில் ஏற்றிச் செல்லக்கூடிய சிறிய அணு உலைகள் உலகில் உருவாகி வருகின்றன. ஒரு பெட்டியளவே இருக்கும் அவற்றுக்கு ஒருமுறை எரிபொருள் இட்டால் பல ஆண்டுகள் போதும். அவற்றின் சூட்டையும் மின்சாரத்தையும் எந்தெந்தத் தொழிலுக்குப் பொருத்தலாம் என்று அந்தக் குழு ஆராய்கிறது. மலையகத்தில் இரண்டு தேயிலைத் தொழிற்சாலைகளைத் தெரிவு செய்து, உலையை அன்று, உலையைப் போன்ற ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள். உள்ளே வேறோர் அடுப்பு அதே சூட்டைத் தரும். ட்ரையருக்கு எப்போது எவ்வளவு சூடு வேண்டியிருக்கிறது என்பதை இரண்டு வருடங்கள் அளப்பார்கள். செலவு முழுவதும் அவர்களுடையது. அந்த இரண்டு வருடமும் ஸ்டோரை மூட மாட்டேன் என்று துரையும் வாக்களித்தார்.

தோட்டத்தின் சார்பில் குழுவிடம் பேச ஓர் ஆள் வேண்டும் என்றபோது கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடியது. அணு என்ற சொல்லைக் கேட்டும் எழுந்து போகாமலிருந்தவர் மாஸ்டர் ஒருவரே. அவரையே தெரிவு செய்தார்கள். தம் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று அதை அவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாளே நோர்வூட்டுக்கு இறங்கி, மஃறூப் நானாவின் கடையில் போய் அமர்ந்தார். மஃறூப் நானாவுக்குப் பலசரக்கோடு விறகு வியாபாரமும் உண்டு. சொந்தமாக ஒரு லொறியும் இருந்தது.

"பொருத்தம் பாத்துட்டேன் நானா," என்றார் மாஸ்டர். "பிரமாதமா இருக்கு."

"லோஜினிக்கா சேர்? அல்ஹம்துலில்லாஹ். மாப்புள எந்த ஊரு?"

"ஸ்டோருக்கு. அணு உலையோட."

மஃறூப் நானா சீனி நிறுத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"கேளுங்க," என்றார் மாஸ்டர். "தினப் பொருத்தம். உலை ராப்பகலா எரியும்; ஸ்டோரும் ராப்பகலா ஓடுது. ரஜ்ஜுப் பொருத்தம். அதுதான் ஆயுள். ஒருதரம் எரிபொருள் போட்டா வருஷக்கணக்கா நிக்கும். மாங்கல்ய பலம் கெட்டி. ஸ்திரீ தீர்க்கம்னா ரெண்டு நட்சத்திரத்துக்கும் நடுவுல தூரம் இருக்கணும். ஆளுங்க இருக்கிற லயத்துக்கும் ஸ்டோருக்கும் நடுவுல ஒரு மலையே இருக்கு. வேற என்ன வேணும்?"

"எங்கட பக்கம் இந்தப் பொருத்தமெல்லாம் பாக்கிறல்ல சேர். மாப்புளைக்கித் தொழில் ஈக்கா, பொண்ணுக்குச் சம்மதமா, அவ்ளோதான்."

"பொண்ணு ஒரு கட்டடம் நானா. கட்டடத்துக்கிட்ட சம்மதம் கேக்கச் சொல்றீங்களா?"

"கட்டடத்துக்குள்ள வேல செய்றவங்கள்ட்ட கேக்கலாமே. லோஜினி மகள் என்ன செல்லுது?"

மாஸ்டர் பேச்சை மாற்றப் பார்த்தார். ஏனெனில் லோஜினி முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

"அப்பா, நீங்க ஒண்ணும் கஷ்டப்பட வேணாம். இருக்கிறத சொல்லுங்க. வெறகு இல்ல. கரண்டு அடிக்கடி நிக்கிது. மழ பெஞ்சா ரோடு போயிரும். இத மட்டும் சொன்னா போதும்."

"வீட்டுக்கு வாறவங்ககிட்ட வீட்டு ஓட்டையையா காட்டுறது?"

"ஓட்டையத்தாம்பா பாக்க வாறாங்க."

பொறுப்பற்ற பேச்சு என்று மாஸ்டர் நினைத்தார். பெண் பார்க்க வருபவர்களிடம், பெண்ணுக்குக் காது மந்தம், சமையல் வராது, கூரை ஒழுகும் என்று வாசலில் நின்று வரவேற்கும் தகப்பன் இந்த மலையில் உண்டா? தொழிற்சாலையானாலும் மானம் ஒன்றுதானே? இவ்வாறு தமக்குத்தாமே கேள்வி கேட்டுத் தாமே விடையளிக்கும் பழக்கம், மாணவர் கையுயர்த்தாத வகுப்பறையில் அவருக்குப் படிந்தது.

"அது போகட்டும் நானா," என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு லொறி வெறகு ரெண்டு நாளைக்கு இரவல் தருவீங்களா? ஸ்டோரு முன்னுக்கு அடுக்கி வக்கணும்."

"எரிக்கவா?"

"சேச்சே, பார்வைக்கு. பொண்ணு பாக்க வாறப்ப பக்கத்து வீட்டுச் சங்கிலிய வாங்கிப் போடுறதில்லையா?"

மஃறூப் நானா தாடியைத் தடவினார். "விறகு தேவயில்லாத அடுப்பு வரட்டுமெண்டு, விறகுக்காரன் விறகு குடுக்கிற. என்ட வாப்பா கேட்டா கபுருக்குழியிலருந்து எழும்பி வந்து அடிப்பாரு." ஆனாலும் லொறியை அனுப்பிவைத்தார்.

ஸ்டோரின் முன்புறச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. விறகு ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டது. மின்சாரம் நின்றால் உடனே முடுக்குவதற்குக் கோயில் ஜெனரேட்டர் பின்புறம் ஒரு சாக்கின்கீழ் ஒளித்துவைக்கப்பட்டது. இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு பெறவிருந்த பெரிய டீமேக்கர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் தலையாட்டாதது சம்பள உயர்வுக்கு மட்டுமே.

அடுப்புக்கு விறகு போடும் மாயாண்டி, அடுக்கிய விறகைச் சுற்றிச் சுற்றி வந்தான். "சேர், இதுல ரெண்டு கட்டைய எடுத்துக்கவா? உள்ள நெருப்பு சாகப்போவுது."

"தொடாதே. அது நகை."

"நகைய மாட்டிக்கிட்டே பொண்ணு பட்டினி கெடக்கட்டுங்களா?"

குழுவிலிருந்து வந்தவள் தனுஜா என்ற பெண் பொறியியலாளர். கண்டிக்காரி, தமிழ் நன்றாகப் பேசினாள். அவள் வந்தபோது, இரவு வேலை முடித்த லோஜினி வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் அவளை எழுப்பவில்லை. பெண் பார்க்கும் இடத்தில் அதிகம் பேசும் ஆளை உள்ளறையில் வைப்பதுதான் முறை.

"விறகுக்குக் கஷ்டமா சேர்?" என்று தனுஜா கேட்டாள்.

மாஸ்டர் புன்னகையோடு விறகடுக்கைப் பார்த்தார். தனுஜாவும் பார்த்தாள்.

"கரண்டு?"

"எங்க பக்கத்துல அது ஒரு பேச்சே இல்ல மிஸ்." இதிலும் இலக்கணப்படி பொய் இல்லை.

"பெரிய லொறி வருமா? இந்தப் பெட்டி பாரமானது."

"திருவிழாவுக்குத் தேரே வருது."

"மழைக்காலத்துல?"

"மழை எங்களுக்குச் செல்வமில்லையா?"

தனுஜா தலையசைத்துக்கொண்டே போனாள். உள்ளே ட்ரையர் மெதுவாகத்தான் ஓடியது. அதுவும் நிதானத்தின் அடையாளம் என்று மாஸ்டர் விளக்கினார். சாப்பிட வடையும் குடிக்கத் தேநீரும் கொடுத்தார்கள். பிற்பகலில் அவள் விடைபெற்றபோது, "ரொம்ப நல்ல ஸ்டோர் சேர்," என்றாள். இதைக் கேட்ட மாஸ்டருக்கு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதாகவே பட்டது. வீட்டுக்கு வந்து, "உன் மகள் எங்கும் போகமாட்டாள்" என்று மீனம்மாவிடம் நேரடியாகவே சொன்னார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் தன்னோடு நேரடியாகப் பேசியதைக் கேட்டு மீனம்மா பயந்துபோனாள்.

"ஏங்க, மேலுக்கு ஏதும் முடியலையா?"

சில வாரங்கள் கழித்து, தெரிவை அறிவிப்பதற்காக எல்லாத் தோட்டத்துப் பிரதிநிதிகளையும் ஹட்டனுக்கு அழைத்தார்கள். மஃறூப் நானாவுக்கு ஹட்டனில் சரக்கு ஏற்ற வேண்டியிருந்ததால் மாஸ்டர் அவருடைய லொறியிலேயே போனார். வெள்ளை வேட்டி, சால்வை, ஏற்புரைக்கான குறிப்புகள். வழியெல்லாம் மஃறூப் நானாவுக்கு ஏற்புரையைப் படித்துக் காட்டினார். கேட்பவர் லொறியை நிறுத்திவிட்டு இறங்கி ஓட முடியாது என்பதைத் தவிர, அந்த உரையில் குறை கூற எதுவுமில்லை.

மண்டபத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்துப் பிரதிநிதியாக வந்திருந்தவர் அம்மாக்கண்ணு. கொழுந்தெடுப்பவர், தொழிற்சங்கத் தலைவி, குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. தங்கள் நிலைமையைச் சொல்லும்படி கேட்டபோது அவர் எழுந்து, உடைந்த பாலத்தில் தொடங்கி, கருகிய மோட்டார், புளித்த கொழுந்து, ஒழுகும் தகரம், துரையின் வாய் என்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அந்தப் பேச்சில் எழுவாயும் பயனிலையும் ஒருமுறையாவது ஒத்துப்போகவில்லை என்பதை மாஸ்டர் வேதனையோடு குறித்துக்கொண்டார். குடும்ப மானத்தை இப்படியா சந்தியில் விற்பது?

தெரிவான முதல் ஸ்டோர் அம்மாக்கண்ணுவுடையது.

இரண்டாவது இடத்தைப் பற்றி இன்னும் யோசிப்பதாகத் தனுஜா சொன்னாள். யோசனையில் இருந்த பெயர்களையும் வாசித்தாள். ஊசிமலை அவற்றுள் இல்லை.

மாஸ்டர் எழுந்தார். "மிஸ், ஒரு பெயர் விடுபட்டுவிட்டது."

"விடுபடல்ல சேர். உங்க ஸ்டோர் நல்லா இருக்கு. அதனாலதான் எடுக்கல்ல."

"விளங்கவில்லை."

"இந்தச் சின்ன உலை எல்லாருக்கும் பொருந்தாது சேர். கரண்டும் எரிபொருளும் ஒழுங்கா கிடைக்கிற எடத்துக்கு அது வீண் செலவு. பனிக்குள்ள கெடக்கிற சுரங்கம், குடிதண்ணி இல்லாத தீவு, ரோடு துண்டிச்சா தனிச்சுப் போற ஆஸ்பத்திரி. இப்புடி வேற வழியில்லாத எடத்துக்குத்தான் அது சரி. நாங்க தேடுறது கஷ்டத்த. உங்ககிட்ட ஒரு கஷ்டமும் இல்லையே."

பத்துப் பொருத்தமும் பார்த்த மாஸ்டர், மாப்பிள்ளை எதற்காகப் பெண் தேடுகிறார் என்பதைக் கேட்கவில்லை. அவர் கண்முன்னால் தெனியாய பஸ் ஒன்று புகை கக்கிக்கொண்டு புறப்பட்டது. அதில் ஜன்னலோரம் லோஜினி இருந்தாள்.

"அவையோர்க்கு வணக்கம்," என்று தொடங்கினார். இவ்வளவுதான் முறைப்படி வந்தது. "மிஸ், எங்களுக்குக் கஷ்டம் இருக்கு. நெறைய இருக்கு. வெறகு இல்ல."

"நான் பாத்தேனே சேர். ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்திச்சே."

"அது இரவல்."

அம்மாக்கண்ணு திரும்பிப் பார்த்தார்.

"வெறகு இரவலா?" என்றாள் தனுஜா.

பின்வரிசையில் சரக்குப் பையோடு அமர்ந்திருந்த மஃறூப் நானா கையுயர்த்தினார். "என்டதான் மிஸ். அடுத்த நாளே திருப்பித் தந்துட்டாரு. ரெண்டு கட்ட கொற."

"மாயாண்டி எடுத்துட்டான்," என்றார் மாஸ்டர். இனி எதையும் மறைப்பதில் பயனில்லை. "கரண்டு வாரத்துல பாதி நாள் இல்ல. சாக்குக்குக் கீழ ஜெனரேட்டர் வச்சிருந்தோம். அது கோயிலோடது. தேர் வாறது உண்மதான். ஆனா அத எட்டாம் வளைவுலேயே நிறுத்திட்டு சாமிய தோள்ல தூக்கிட்டு வருவோம். சுவத்துக்கு முன்பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடிச்சோம். ட்ரையர் மெதுவா ஓடுனது நிதானத்தால இல்ல, சூடு பத்தாம. கொழுந்து வாட்டுற தொட்டியில கம்பி வல பிஞ்சிருக்கு. அதுமேல அன்னைக்கு நல்ல கொழுந்தா பரப்பி மறச்சோம்..."

தொடங்கியதை நிறுத்த முடியவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாததையும், பாடசாலைக் கூரையையும், ஒருகட்டத்தில் தம் வீட்டுக் கிணற்றுக் கப்பி கிறீச்சிடுவதையும் சேர்த்துவிட்டார்.

"அட, மாஸ்டரு," என்றார் அம்மாக்கண்ணு சத்தமாக. "நான் பேசுறப்ப மூஞ்ச சுளிச்சீங்களே. இப்ப என்னையே தோக்கடிச்சிட்டீங்க. பொண்ணுக்குச் சொத்தப்பல்லு இருந்தா மொதல்லயே சொல்லிரணும். கல்யாணத்தன்னைக்குச் சிரிக்காமலா இருப்பா?"

தனுஜா சிரிக்கவில்லை. "சேர், போன தடவ ஒரு மாதிரி சொன்னீங்க. இன்னைக்கு வேற மாதிரி சொல்றீங்க. எத நான் நம்புறது?"

நியாயமான கேள்விதான். விடை தெரியாத மாணவனை எத்தனையோ முறை நிற்க வைத்திருந்த மாஸ்டர், நிற்பதென்றால் கால் எப்படி வலிக்கும் என்பதை அன்று அறிந்துகொண்டார்.

"நான் வந்து பாக்கிறேன்," என்றாள் தனுஜா இறுதியில். "எப்ப வருவேன்னு சொல்லமாட்டேன்."

திரும்பும் வழியில் ஏற்புரைக் குறிப்புகளை மஃறூப் நானா கேட்டு வாங்கி, லொறியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வீட்டில் நடந்ததைச் சொன்னபோது லோஜினி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "சரிப்பா, விடுங்க. தெனியாயவுலயும் தேயிலதானே" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

தனுஜா வந்தது அடைமழை பெய்த ஒரு பிற்பகலில். எட்டாம் வளைவில் மண் சரிந்திருந்ததால் முச்சக்கர வண்டியை விட்டிறங்கி, முழங்கால்வரை சேற்றோடு நடந்தே வந்தாள். செய்தி கேட்ட மாஸ்டர் குடையைப் பிடித்துக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினார். மின்சாரம் நின்றிருந்தது. வாட்டும் தொட்டிகளில் காற்று இன்றிக் கொழுந்து வெந்து, புளித்த வாசனை மேல்மாடியெங்கும் பரவியிருந்தது. லோஜினி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, ஆட்களோடு ஆளாக நின்று கொழுந்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கீழே மாயாண்டி உடைந்த நாற்காலி ஒன்றை அடுப்புக்குள் திணித்தான்.

மாஸ்டருக்கு மனம் குளிர்ந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக, எல்லாம் கெட்டுப்போயிருப்பதைக் கண்டு அவர் பெருமிதம் அடைந்தார். "பாருங்க மிஸ், நான் சொன்னேனே—"

"சேர், ஒரு உதவி செய்வீங்களா?" என்றாள் தனுஜா. "நீங்க கொஞ்ச நேரம் பேசக்கூடாது."

மாயாண்டி, அடுப்புக்குத் தப்பிய மற்றொரு நாற்காலியைக் கொண்டுவந்து மாஸ்டருக்குப் போட்டான். "ஒக்காருங்க சேர். எரிக்கிறதுக்கு முன்னுக்கு எந்திரிச்சா போதும்."

மின்சாரம் வந்து காற்றாடிகள் சுழலத் தொடங்கும்வரை பெண்கள் இருவரும் பேசிக்கொண்டே கொழுந்து புரட்டினார்கள். மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உண்மைய சொன்னா மிஸ், அந்த உலையோட சூடு எங்க ஒரு ஸ்டோருக்கு ரொம்ப அதிகம்," என்றாள் லோஜினி. "கொழுந்து நெறைய வாற மாசத்துலயே பாதி மிஞ்சும். பனிக்காலத்துல கொழுந்து கொறஞ்சிரும். அப்ப சும்மாதான் எரியும்."

மாஸ்டர் நாற்காலியில் நெளிந்தார். கிடைக்கவிருந்த வரனைப் பெண்ணே கெடுக்கிறாளே என்று அவருக்கு வியர்த்தது.

"மிஞ்சுறத என்ன செய்யலாம்?" என்று கேட்டாள் தனுஜா.

"ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு. தாய்மார் வேலைக்குப் போறப்ப விட்டுட்டுப் போற புள்ளக்காம்பராவுல சின்னப் புள்ளைங்க பச்சத் தண்ணியில குளிக்கிதுங்க. அங்க சுடுதண்ணி அனுப்பலாம். அதுக்கும் மேல மிஞ்சினா, எனக்குத் தெரியாது மிஸ். நீங்கதான் பாக்கணும்."

தனுஜா கொழுந்துக்குள் கையை விட்டபடியே நின்றாள். "இததான் அளக்கணும்னு ரெண்டு வருஷம் கேக்கிறோம். எப்ப கூடுது, எப்ப கொறையுது, மிஞ்சுறது எங்க போகும். எல்லா ஸ்டோர்லயும் 'எவ்வளவு தந்தாலும் பத்தும்'னுதான் சொன்னாங்க." பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பி, "ரெண்டாவது எடம் இதுதான்னு எழுதிக் குடுக்கப் போறேன் சேர். முடிவு என்கிட்டதான் விட்டிருக்காங்க," என்றாள்.

கீழே மாயாண்டி மகிழ்ச்சியில் அடுப்புக் கதவைக் கரண்டியால் ஒருமுறை தட்டினான். மாஸ்டர் எழுந்து நிற்க முயன்றார். பேசக்கூடாது என்ற கட்டளை நினைவுக்கு வரவே மீண்டும் அமர்ந்தார்.

"ஆனா ஒண்ணு," என்றாள் தனுஜா. "இந்த ஏற்பாட்ட நடத்துறதுக்கு ஸ்டோர்ல ஒருத்தர் படிச்சிருக்கணும். கொழும்புல ஒரு வருஷம். லோஜினி, நீங்க வருவீங்களா?"

"வாறேன் மிஸ்," என்றாள் லோஜினி உடனே. இந்த வேகத்தில் அவள் எதற்கும் ஒப்புக்கொண்டதை மாஸ்டர் கண்டதில்லை. "வீட்டு நெலமைய மட்டும் அப்பாகிட்ட கேட்டுக்கங்க. எங்க பிரதிநிதி அவர்தானே."

"சேர், இப்ப பேசலாம். உங்களுக்கு ஒரே புள்ளன்னு கேள்விப்பட்டேன். ஒரு வருஷம் இவங்க இல்லாட்டி கஷ்டமா?"

'எங்களுக்கு அதனால் யாதொரு கஷ்டமும் இல்லை' என்ற வாக்கியம், எழுவாய் பயனிலை பிசகாமல், மாஸ்டரின் பற்களுக்குப் பின்னால் தயாராக வந்து நின்றது. லோஜினி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடைத்தாளைக் கையில் வைத்திருப்பவரின் பார்வை அது.

"கஷ்டந்தான்," என்றார் மாஸ்டர். "ரொம்பக் கஷ்டம்."

"அப்ப வேற யாரையாவது பாக்கவா?"

"கஷ்டம்னுதான் சொன்னேன் மிஸ். வேணாம்னு சொல்லல்ல. போகட்டும்."

லோஜினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மூக்கைச் சுருக்கி, "மாயாண்டியண்ணே, வாசம் மாறுது, சூட்டக் கொறைங்க," என்று கத்திக்கொண்டு ட்ரையரை நோக்கி ஓடினாள்.

மாஸ்டர் மழையிலேயே வீட்டுக்கு நடந்தார். ஸ்டோரைக் காப்பாற்றியாயிற்று. தெனியாயவும் இல்லை. ஒரு வருடம் என்பது ஒரு வகுப்பு. எத்தனை வகுப்புகளை அவர் கடத்தியிருக்கிறார்? இப்படியெல்லாம் தம்மைத் தேற்றிக்கொண்டே வந்து வாசலில் நின்றபோது மீனம்மா கதவைத் திறந்தாள்.

"என்னங்க, ஸ்டோர மூடுறாங்களா?"

"இல்லை. தெரிவு செய்துவிட்டார்கள்."

"அப்ப ஏன் மூஞ்சி இப்புடி இருக்கு?"

"லோஜினி கொழும்புக்குப் போகிறாள். ஒரு வருடம் படிப்பு."

மீனம்மா வாசற்படியில் நின்று யோசித்தாள். அவள் முகத்தில் கவலை படரும் என்று எதிர்பார்த்து, ஆறுதல் சொல்ல மாஸ்டர் ஒரு நல்ல வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நல்லதுதான்," என்றாள் மீனம்மா. "நானும் கூடப் போறேன். புள்ள தனியா என்னத்த ஆக்கித் திங்கும்?"

மாஸ்டர் குடையை மடக்கினார். தமக்குச் சோறு ஆக்கத் தெரியாது, அரிசி எந்தப் பானையில் இருக்கிறது என்பதும் தெரியாது, ஆகையால் தாமும் வேறு வழியில்லாத ஓரிடமே என்ற உண்மையை எந்த மண்டபத்தில், எந்தக் குழுவின்முன் எழுந்து நின்று சொல்வது என்று அவருக்கு விளங்கவில்லை. குடையிலிருந்து வடிந்த நீர் கூடம்வரை ஓடியது. அதற்கும் மீனம்மா திட்டவில்லை. அவள் ஏற்கெனவே கட்டிலுக்கடியில் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.